வில்லங்கச் சான்றில் வராதவை

எங்கள் வீட்டை விற்பதென்று முடிவானதும் தம்பி முதலில் செய்த காரியம் பெயிண்டரை அழைத்து வந்ததுதான். கூடத்து உத்திரத்தில் கறையான் தின்ற இடங்களையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காப்பி நிற எனாமல் அடித்தார்கள். சமையல்கட்டுச் சுவரில் பொரிந்து தொங்கிய காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் இளமஞ்சள் வண்ணம். மூன்றே நாளில் வீட்டுக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

அம்மா கொல்லைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவின் முணுமுணுப்புக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையல்கட்டு, கொல்லை என்று நீளும் பழைய ஓட்டு வீடு. 1978இல் அப்பா விலைக்கு வாங்கினார். அம்மா கல்யாணமாகி வந்த மறு வருஷம் அது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர்கள். ஆற்றுப்படுகை ஊர் என்பதால் தோண்டினால் தண்ணீர். அடித்தளத்திலிருந்து ஈரம் மேலேறாமல் தடுக்க அந்தக் காலத்து வீடுகளில் எந்தத் தடுப்பும் இல்லை. எனவே ஓதம். சுவரில் உப்புப் பூக்கும், காரை பொரியும், உதிரும்.

இங்கே ஒரு கட்டட உண்மையைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு பூசிய சுவர் மூச்சு விடும். ஏறிய ஈரம் காய்ந்து வெளியேறும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் அடுத்த மழைக்கு இடுப்பு உயரத்தில் பூக்கும். இது அம்மாவுக்குத் தெரியும். எந்தப் பொறியியல் புத்தகமும் படித்து அல்ல. முன்பு ஒருமுறை அப்பா சிமெண்ட் பூசியபோது பார்த்ததுதான்.

வீடு பார்க்க வந்தவர் ஓர் அரசு மருத்துவமனைச் செவிலியர். கணவர் கூட இல்லை. வயதான தாயும் இரண்டு பெண் குழந்தைகளும் அவர் பொறுப்பில். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட பழைய வீடுகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை பேசுவார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. நகையை விற்று, வங்கிக் கடன் வாங்கி, உடனே குடிவர வேண்டும். வங்கியிலிருந்து வந்த பொறியாளர் டேப் பிடித்து நீள அகலம் அளந்தார், படம் எடுத்தார், போய்விட்டார். விலை 27 லட்சம் என்று பேச்சு.

கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து அவர் கேட்டார்: "மேல எல்லாம் நல்லாருக்குங்களா சார்?"

தம்பி சொன்னான்: "நாப்பது வருஷத்துக்கு மேல இருக்கோம் மேடம். ஒண்ணும் ஆனதில்ல."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தோம், ஒன்றும் ஆகவில்லை. பொய் சொன்னது வாயல்ல, பட்டியும் எனாமலும்.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மா சொன்னாள்: "அந்தப் பொண்ணுகிட்ட உத்திரத்தைப் பத்திச் சொல்லிடணும்."

*

நான் தத்துவம் படித்தவளில்லை, தமிழ் படித்தவள். ஆனாலும் அன்று இரவு என் நினைவுக்கு வந்தவர் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ. ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காக கி.மு. 44இல் அவர் எழுதிய 'கடமைகள் குறித்து' நூலின் மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய எங்கள் வீடே வருகிறது. ஒரு நல்ல மனிதர் தன் வீட்டை விற்கிறார். ஆரோக்கியமான வீடு என்று வெளியார் நினைக்கிறார்கள். உண்மையில் அது நோய் தரும் வீடு. படுக்கையறைகளில் பாம்பு வருகிறது. மட்டமான மரத்தில் கட்டியது, எப்போது வேண்டுமானாலும் விழலாம். இது உரிமையாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் சொல்ல வேண்டுமா?

ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த இரண்டு பேரை, குருவையும் சீடரையும், எதிரெதிரே நிறுத்தி வாதிட வைக்கிறார் சிசரோ. குரு டையோஜனிஸ் கேட்கிறார்: வாங்கு என்று யாராவது கட்டாயப்படுத்தினார்களா? விற்பவருக்கு வேண்டாததை விற்கிறார், வாங்குபவர் பிடித்ததை வாங்குகிறார். சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல. தன் சரக்கின் குறையைத் தானே கூவி ஏலம் விடுகிறவன் உண்டா? சீடர் ஆண்டிபேட்டர் மறுக்கிறார்: வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதே குற்றம், இது அதைவிட மோசம், தெரிந்தே ஒருவரைத் தவறான வழியில் விடுவது. சிசரோவின் தீர்ப்பு சீடர் பக்கம். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லைதான்; ஆனால் உனக்குத் தெரிந்த ஒன்று, தெரிந்தால் அடுத்தவருக்கு நன்மை தரும் ஒன்று, உன் லாபத்துக்காக அவருக்குத் தெரியாமல் போகட்டும் என்று நீ நினைத்தால் அதற்குப் பெயர் மறைப்பது.

நம்முடைய சட்டமும் இதையே சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு: வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அவர் கண்ணில் படாத முக்கியமான குறை எதுவும் சொத்தில் இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி. ஒழுகும் ஓடு அண்ணாந்து பார்த்தாலே தெரியும். பட்டி வைத்து அடைத்த உத்திரம் தெரியாது.

என் தம்பிக்கு டையோஜனிஸைத் தெரியாது. ஆனால் அவருடைய வாதத்தைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னான். "அவங்க ஆளைக் கூட்டிட்டு வந்து பாக்கட்டும்க்கா, நான் வேணாங்கலையே. ஊர்ல யாரு தன் வீட்டுக் குறையைச் சொல்லி விக்கிறா?" பிறகு டையோஜனிஸ் சொல்லாத ஒன்றையும் சொன்னான். "உனக்கு மாசமான சம்பளம் வருது. நீ நேர்மையா இருக்கலாம்."

அது சுருக்கென்று தைத்தது. அவன் திருப்பூரில் சின்ன அளவில் தையல் யூனிட் நடத்தி நொடித்துப்போனவன். கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். விலையில் மூன்று லட்சம் குறைந்தால் எனக்கு வருத்தம், அவனுக்கு வட்டி. என் நேர்மை எனக்கு மலிவாகக் கிடைத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டிபேட்டர் சொல்வது சரி. ஆனால் உண்மையைச் சொல்லும்போது ஆகிற செலவை யார் ஏற்பது என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கணக்கைப் பேசாமல் பேசும் அறம் வசதியுள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் நகையாகிவிடும்.

*

அன்று தூக்கம் வராமல் கிடந்தபோது இன்னொன்றும் தோன்றியது. அந்த ஆண்களின் வாதத்தில் விற்பவர் ஒரே ஆள். வீடு அவருடையது, குறை அவருக்குத் தெரியும், பணமும் அவருக்குத்தான். மூன்றும் ஒருவரிடமே இருக்கின்றன. எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

தமிழில் மனையிலிருந்து வந்த சொல் மனைவி. இல்லத்தை ஆள்பவள் இல்லாள். பாடம் நடத்தும்போது இதை நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மனைவிக்கு மனையில் என்ன இருந்தது? பத்திரம் அப்பா பெயரில். வரி ரசீது அப்பா பெயரில். மின் இணைப்பு அப்பா பெயரில். அப்பா உயில் எழுதாமல் இறந்த பிறகுதான், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு சம பங்கு வந்தது. அந்தச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்ததை மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் பாகம் கேட்க முடியாது. மகளுக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமைகூட மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருந்தால்தான். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. என் தம்பி நல்லவன். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குப் பதிலாகத் தெருவில் நான்கு பேர் கேட்டார்கள்.

ஆக, உரிமை அப்பாவுடையது. வீட்டைப் பற்றிய அறிவு அம்மாவுடையது. ஐப்பசி அடைமழைக்கு எந்த இடத்தில் குண்டான், எந்த இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கதவு மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும், எந்தச் சுவரோரம் அரிசி மூட்டையை வைக்கக்கூடாது என்று தெரியும். உத்திரம் சுவரில் உட்காரும் இடத்திலிருந்து கறையான் மண்கோடு இறங்குவதை முதலில் பார்த்தவள் அவள். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் அதைத் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றியவளும் அவள்தான். பன்னிரண்டு வருஷமாகச் சொன்னாள். "உத்திரம் உள்ள செத்துப்போச்சு, ஆளை வச்சுப் பாருங்க." அப்பா, "பாக்கலாம்" என்றார். அந்த வருஷம் தம்பியின் தொழிலுக்கு முதலீடு. அடுத்த வருஷம் என் மகளுக்குச் சீர். அதற்கடுத்த வருஷம் அப்பாவுக்கு மருத்துவச் செலவு. அப்பா போன பிறகு நாங்கள் இருவரும் அதே "பாக்கலாம்" சொன்னோம்.

மிராண்டா ஃபிரிக்கர் என்ற பெண் தத்துவவாதி, அறிவு தொடர்பான அநீதி பற்றி 2007இல் ஒரு நூல் எழுதினார். ஒருவர் சொல்வதை, அவர் யார் என்பதை வைத்து, உரிய அளவுக்கு நம்பாமல் விடுவதும் அநீதிதான் என்பது அவர் வாதம். பொருளைப் பறிப்பது போல, ஒருவரை அறிந்தவர் என்ற நிலையிலிருந்து இறக்குவதும் அவருக்குச் செய்யும் கேடு. வகுப்பில் இதை விளக்க நான் நீதிமன்றச் சாட்சி, காவல் நிலையப் புகார் என்று எங்கெங்கோ உதாரணம் தேடியிருக்கிறேன். என் அம்மா சொன்னதற்கு எங்கள் வீட்டில் 'முணுமுணுப்பு' என்று பெயர் வைத்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்ததே இல்லை.

*

வீடு பார்க்க வருவதும் பெண் பார்க்க வருவதும் எங்கள் ஊரில் ஒரே மாதிரிதான். வெள்ளையடிப்பார்கள். விருந்தினர் முன்வாசல் வழியே வருவார்கள். காப்பி கொடுப்பார்கள். குறையுள்ள பக்கத்துக்கு அழைத்துப் போகமாட்டார்கள்.

2004இல் என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். எனக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அன்று காலை அப்பா என் இன்ஹேலரை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். அம்மா மட்டும் சொன்னாள்: "சொல்லிடலாங்க. பின்னாடி தெரிஞ்சா இவதான் பேச்சு கேக்கணும்." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்ற பழமொழி பதிலாக வந்தது. வாய்மை பற்றிப் பேச வந்த வள்ளுவரும், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். யாருக்கு நன்மை, குற்றமற்றது என்று யார் சொல்வது என்ற கேள்வியை என் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். கல்யாணமாகி இரண்டாம் மாதம் இன்ஹேலர் வெளியே வந்தது. "ஏமாத்திக் கட்டிவச்சிட்டாங்க" என்ற சொல்லைப் பல வருஷம் கேட்டேன். ஓதமேறிய சுவரின் பூஞ்சை இழுப்பை அதிகமாக்கும் என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. வீட்டின் குறையும் என் குறையும் ஒரே சுவரில்தான் இருந்தன.

அப்படியானால் குறையுள்ள வீட்டை மறைத்து விற்பதும் இழுப்புள்ள பெண்ணை மறைத்துக் கட்டிக் கொடுப்பதும் ஒன்றா? இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றல்ல. பெண் சரக்கு இல்லை. அவள் உடம்பின் குறைகளை வரிசைப்படுத்தி எவருக்கும் ஒப்படைக்க வேண்டிய கடன் அவளுக்கோ அவளைப் பெற்றவர்களுக்கோ இல்லை. என் இழுப்பைப் பற்றிய உண்மை என்னுடையது. சொல்வதும் சொல்லாததும் நான் முடிவு செய்திருக்க வேண்டியது. அன்று நடந்த அநீதி அப்பா மறைத்தது மட்டுமல்ல. என்னைக் கேட்காமல் மறைத்தது. சொல்லியிருந்தாலும் என்னைக் கேட்காமல்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் உத்திரத்தைப் பற்றிய உண்மை எங்களுடையது அல்ல. அதன் கீழே பாய் விரிக்கப் போகிறவர்களுடையது. ஓர் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், அது யாருடைய உண்மை, அது தெரியாமல் போனால் யார் உடம்பு அடிபடும் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1975இல் பெண்கள், மானம், பொய் இவற்றைப் பற்றி எழுதிய குறிப்புகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார். ஆணின் மானத்தை அவன் கொடுக்கும் வாக்கிலும், பெண்ணின் மானத்தை அவள் கற்பிலும் வைத்தது இந்த உலகம்; உண்மை பேசுவதைப் பெண்ணிடம் யாரும் எதிர்பார்க்கவே இல்லை. நம் வீடுகளில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. வீட்டின் குறையை வெளியே சொல்லாத பெண்ணுக்குக் 'குடும்பப் பாங்கானவள்' என்று பெயர். ஒழுகும் கூரை, குடிக்கும் கணவன், கடன், அடி எல்லாவற்றுக்கும் ஒரே விதி. பூசி மெழுகுவது என்ற வழக்கு நம் மொழியில் உண்மையான சுவரைப் பூசி மெழுகிய பெண்களின் கையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

முன்பணம் கொடுக்க அந்தச் செவிலியர் வந்த அன்று நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை. தம்பி ரேழியில் ஜெராக்ஸ் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தாள். அடிப்பக்கத்தைத் திருப்பி உத்திரத்தின் ஓரத்தில் தட்டினாள். கெட்டியான சத்தம். நடுவில் தட்டினாள். காலி டப்பாவின் சத்தம்.

"இங்கேருந்து இங்க வரைக்கும் உள்ள ஒண்ணும் இல்லம்மா. மேல பூச்சுதான். சமையக்கட்டுச் சுவத்துலயும் ஓதம் இருக்கு. பாத்துக்க."

யாரும் பேசவில்லை. அந்தப் பெண் கோபப்படுவார், அல்லது நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"இதுக்குக் கீழயாம்மா இத்தனை வருஷம் படுத்திருந்தீங்க?"

"வேற எங்கம்மா படுக்கிறது" என்றாள் அம்மா.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை. சிசரோவையும் 55ஆம் பிரிவையும் நினைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலைமேல் உத்திரம் விழலாம் என்றதும் என் மனசாட்சி எழுந்து உட்கார்ந்தது. அதே உத்திரம் பன்னிரண்டு வருஷம் அம்மாவின் தலைமேல் இருந்தது. அதில் கடைசி ஆறு வருஷம் அந்த வீட்டில் தனியாகப் படுத்தாள். அப்போது அது 'குறை' அல்ல; அம்மாவின் முணுமுணுப்பு. விலை என்று ஒன்று வந்த பிறகுதான், வாங்குபவர் என்று ஒருவர் வந்த பிறகுதான், அது தத்துவப் பிரச்சினை ஆனது, சட்டப் பிரச்சினை ஆனது, என் நேர்மையின் பிரச்சினையும் ஆனது.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த வீட்டில் குடியிருக்கும் மனைவிக்கு, அம்மாவுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதையே காரணமாக்கி அவளை அங்கேயே விட்டோம். தெரிந்து இருக்கிறாள், பழகிவிட்டாள், சமாளித்துக்கொள்வாள். நேர்மை என்பது அந்நியரிடம் காட்ட வேண்டிய பண்பு என்றும், சொந்த வீட்டுப் பெண்ணிடம் பாசம் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிட்டோம். எனக்கு அம்மாவிடம் பாசம் உண்டு. வாரம் தவறாமல் போன் செய்தேன். உத்திரத்தை மட்டும் மாற்றவில்லை.

பெண்ணியம் பேசுகிற, எழுதுகிற, அதைப் பாடமாக நடத்துகிற நான் இதைச் செய்தேன் என்று எழுதுவது எளிதாக இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையும் பட்டி வைத்த உத்திரம்தான்.

*

பத்து நாள் அவரிடமிருந்து தகவல் இல்லை. தம்பி என்னிடம் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை. பதினோராம் நாள் அவர் ஒரு கொத்தனாரையும் ஆசாரியையும் அழைத்துக்கொண்டு வந்தார். கூடத்து உத்திரத்தை மாற்றி ஓடு பிரித்து மேய, சமையல்கட்டுச் சுவரின் சிமெண்டை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச, எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகும் என்றார்கள். அதைக் குறைத்துக்கொண்டால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "வேற வீடும் ரெண்டு பாத்தேன். அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க என்ன இருக்குன்னு தெரியுது" என்றார்.

27 லட்சம் 24 ஆனது. சட்டப்படி மூன்று பேருக்கும் எட்டு எட்டு. உண்மையைச் சொன்னதால் வந்த இழப்பை மூவரும் சமமாக ஏற்பது நியாயம் என்றுதான் முதலில் பட்டது. பிறகு யோசித்தேன். அந்த மூன்று லட்சம் உண்மையின் விலை அல்ல. பன்னிரண்டு வருஷம் நாங்கள் செய்யாமல் விட்ட மராமத்தின் பாக்கி. அந்தப் பாக்கி அம்மாவுடையதாக எப்படி ஆகும்? அவள் தன் பங்கை விளக்குமாற்றாலும் மண்ணெண்ணெயாலும் ஏற்கெனவே செலுத்தியிருக்கிறாள். அம்மாவுக்கு ஒன்பது என்று வைத்தோம். மூன்று லட்சத்தில் இரண்டை நான் ஏற்றுக்கொண்டேன், ஒன்றைத் தம்பி. எனக்கு ஏழு, அவனுக்கு எட்டு. தாங்கக்கூடியவர் கூடுதலாகத் தாங்குவது என்று பேசி முடிக்க மூன்று இரவுகள் ஆயின. தம்பி முழு மனதோடு சம்மதித்தான் என்று சொல்லமாட்டேன். கையெழுத்துப் போட்டான். ஒன்பது லட்சமும் அம்மா பெயரில் தனியாகத் தொடங்கிய கணக்கில் விழுந்தது.

கிரயத்துக்கு முன்னால் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு எதுவும் வரவில்லை. அந்த முப்பது வருஷத்தில் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் அந்தக் காகிதத்தின் சாரம். அந்த முப்பது வருஷத்தில்தான் அம்மா வாளி வைத்தாள், மண்கோடு தட்டினாள், சொன்னாள், சொல்லிச் சொல்லி நிறுத்தினாள். பத்திரத்தில் வழக்கமான வாசகம் இருந்தது: இந்தச் சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை. அம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, விரல் ரேகையும் வைத்தாள்.

இப்போது அவளுக்கு மயிலாடுதுறையிலேயே வாடகை வீடு. என்னோடு திருச்சிக்கு வா என்றேன். பழகின ஊர் போதும் என்றாள். வீடு பார்க்க நானும் கூடப் போனேன். கீழ்த்தளம், இரண்டு அறை, காங்கிரீட் கூரை. வீட்டுக்காரர் சாவியைத் திருப்பியபடியே, "ஒரு பிரச்சினையும் கிடையாதும்மா, மழை பெஞ்சா சொட்டுத் தண்ணி இறங்காது" என்றார். அம்மா கூரையைப் பார்த்தாள். சமையலறைச் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்:

"வீட்ல அம்மா இருக்காங்களா? கொஞ்சம் கூப்பிடுங்க. அவங்ககிட்ட கேட்டுக்கறேன்."